மட்டக்களப்பில் காலனித்துவ ஆட்சி, குற்றம், எதிர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு என்று இங்கே எந்த நிலப்பரப்பைச் சொல்கிறீர்கள்?

வடக்கே வெருகல் தொடங்கித் தெற்கே குமுக்கன் ஆறு வரை நீண்டு கிடந்த பழைய மட்டக்களப்பு முழுவதையும். கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, மண்முனை, எருவில், போரதீவு, கரவாகு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பாணமை, விந்தனை எல்லாம் அதில் அடங்கும். அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1961இல்தான். எனவே வெள்ளைக்காரர் காலத்துப் பதிவொன்றில் மட்டக்களப்பு என்று கண்டால், கல்முனைக்காரரும் திருக்கோவில்காரரும் தங்கள் ஊரையும் அதற்குள் தேட வேண்டும்.

யார் எப்போது ஆண்டார்கள்?

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்து ஆண்டுகளில், 1638 மே 18ஆம் திகதி, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் அதைப் பிடித்தார். இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதற் கோட்டை அதுவே. இடையில் சிறிது காலம் கண்டியின் கைக்கு வந்த பகுதியை 1660களின் இறுதியில் அவர்கள் மீண்டும் பிடித்துக்கொண்டார்கள். 1795இல் பிரித்தானியர் வந்தார்கள். 1948 வரை இருந்தார்கள்.

கோட்டைக்குள் கொடி மாறிய ஆண்டுகள் இவை. வயலிலும் காட்டிலும் அதிகாரம் வேரூன்றிய காலம் வேறு. ஒல்லாந்தர் காலத்திலும் உட்பகுதி ஊர்கள் வன்னிமைகள் எனப்பட்ட பகுதித் தலைவர்களாலும் போடிமார் எனப்பட்ட பெருங்காணிக்காரராலுமே நடத்தப்பட்டன. காணி, காடு, உப்பு, கால்நடை என அன்றாட வாழ்வின் ஒவ்வொன்றிலும் அரசு கை வைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதனால் இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி பிரித்தானியர் காலத்தைப் பற்றியது.

காலனித்துவச் சட்டமே குற்றங்களை உருவாக்கியது என்பது மிகைப்படுத்தல் இல்லையா?

கொலையையும் கொள்ளையையும் யாரும் சட்டம் போட்டு உருவாக்கவில்லை. அவை எப்போதும் இருந்தவை. ஆனால் அக்காலத்தில் எமது மக்கள் தண்டப்பணம் கட்டிய, மறியலுக்கு (சிறைக்கு) போன காரணங்களில் கணிசமானவை முந்திய தலைமுறையில் குற்றமாகவே இருக்கவில்லை. இதை மிகையாகச் சொல்லவில்லை. சட்டங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத, ஆட்சியில் இல்லாத நிலங்களும் மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கு, அதாவது அரசுக்கு, உரியவை என்று அனுமானித்தது. நிரூபிக்கும் பொறுப்பு குடியானவன் தலையில் விழுந்தது. பாட்டன் காடு வெட்டிப் பயிரிட்ட சேனைக்கு உறுதிப் பத்திரம் எங்கே இருக்கும்? பத்து வருடம் காடு வளர விட்டு மறுபடி வெட்டுவதுதான் சேனையின் முறை. அந்தப் பத்து வருடமும் நிலம் சும்மா கிடப்பது போலவே வெளியாருக்குத் தெரியும். நிலத்துக்கு ஓய்வு கொடுத்த மனிதன், அந்த ஓய்வாலேயே உரிமையை இழந்தான்.

1885இல் காட்டுச் சட்டம் வந்தது. கம்பு வெட்டவும், தேன் எடுக்கவும், மாட்டைக் காட்டில் மேயவிடவும் அனுமதி கேட்க வேண்டிய நிலை பரவியது. 1897இல் வந்த தரிசுநிலச் சட்டத்தின்படி, அறிவித்தல் வெளியாகி மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் காணி அரசுக்குப் போய்விடும். எழுத்து வாசிக்கத் தெரியாத, அரச நிர்வாகக் கந்தோரான கச்சேரிக்கு வர இரண்டு நாள் நடக்க வேண்டிய ஒருவருக்கு மூன்று மாதம் என்ன காலம்?

உப்பு அரசின் தனியுரிமை. மழை ஓய்ந்த பின் களப்பு ஓரத்தில் தானாக விளைந்து கிடக்கும் உப்பை அள்ளி வந்தாலும் வழக்குத்தான். துவக்குக்கு (துப்பாக்கிக்கு) அனுமதிப்பத்திரம் வேண்டும். யானையும் பன்றியும் இறங்கும், களப்பின் மேற்குக் கரையான படுவான்கரையில் துவக்கு இல்லாமல் பயிரைக் காப்பது எவ்வளவு கடினம் என்று அங்கே விளைவித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1841இன் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் சட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலையான வீடும் கண்ணுக்குத் தெரியும் தொழிலும் இல்லாதவரைச் சந்தேகத்துக்குரியவராக்கியது அது. கூடாரம் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன குறவர் சமூகத்தவரும், பருவத்துக்கு ஏற்ப இடம் மாறிய வேடர்களும் இப்படிப்பட்ட சட்டத்தின் முன் பிறப்பிலேயே சந்தேகத்துக்கு உள்ளானவர்கள். இந்தியாவில் 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் போன்ற ஒன்று இலங்கையில் வரவில்லை. ஆனால் அலைபவரைக் கண்டு அரசு கொண்ட அச்சம் இரண்டு நாடுகளிலும் ஒன்றுதான்.

அப்படியானால் சேனை வெட்டியவர்கள் எல்லோரும் போராளிகளா?

பெரும்பாலானோர் குரக்கனும் சோளனும் போட்டுப் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பப் பார்த்தவர்கள். போராடுகிறோம் என்று நினைத்து அவர்கள் கத்தியைத் தூக்கவில்லை. ஆயினும் தடை வந்த பின்னரும், தண்டப்பணம் கட்டிய பின்னரும், அடுத்த கோடையில் மறுபடி காடு வெட்டினார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஊர் ஊராக. அரசின் உரிமையை மனத்தளவில் ஏற்றுக்கொண்ட மக்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். இதை எதிர்ப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கொடியும் கோஷமும் இல்லாததால் அது எதிர்ப்பு ஆகாமற் போய்விடாது.

ஊழியம், இராசகாரியம், தலைவரி என்று மூத்தவர்கள் சொல்வது என்ன?

ஊழியம் என்பது ஆட்சிக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய வேலை. ஒல்லாந்தர் அதை முறையாகப் பதிவு செய்து வாங்கினார்கள். கண்டி இராச்சியத்தில் இராசகாரியம் காணியோடும் சாதியோடும் பிணைந்திருந்தது. பிரித்தானியர் இரண்டையும் தங்கள் வீதி, கோட்டை வேலைகளுக்குப் பயன்படுத்திவிட்டு, ஆட்சிச் சீர்திருத்தத்துக்காக வந்த கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் ஒழித்தார்கள்.

ஒழித்து பதினாறு ஆண்டுகளில் வேறு வழியால் அது திரும்பி வந்தது. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், 18 வயதிலிருந்து 55 வயது வரையான ஒவ்வொரு ஆணும் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதற்கீடாகக் காசு கட்ட வேண்டும் என்றது. தலைவரி என்று மக்கள் சொன்னது இதைத்தான். காசு புழங்காத ஊரில் ஆறு நாள் என்பது விதைப்புக் காலத்தில் விழுந்தால் ஒரு போகத்தையே கெடுத்துவிடும். அதே 1848இல் துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் போட்ட வரிகளும் சேர்ந்து மாத்தளை, குருநாகல் பகுதிகளில் கிளர்ச்சியைக் கிளப்பின. கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். ஆளுநர் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். வரியைக் கட்ட முடியாதவர் கிழக்கில் என்ன செய்தார்? ஊர்த் தலைமைக்காரரான விதானையார் பட்டியலோடு வரும் நாளில் பெரும்பாலும் காட்டுப் பக்கம் போய்விட்டார். காடு பக்கத்தில் இருந்தது ஒரு பலம்.

நெல்வரி பற்றிச் சொல்லுங்கள். மட்டக்களப்பு நெல்விளையும் நாடு ஆயிற்றே?

அதனாலேயே இங்கே அது ஆழமாகக் காயப்படுத்தியது. விளைச்சலில் பத்தில் ஒன்று அரசுக்கு என்பது பொது விதி. அரசு நேரே வந்து அளக்கவில்லை. வரி அறவிடும் உரிமையை ஏலத்தில் விற்றது. ஏலம் எடுத்த குத்தகைக்காரர் போட்ட முதலையும் இலாபத்தையும் உழவரிடமிருந்தே எடுக்க வேண்டும்.

குத்தகைக்காரருக்கு அறிவிக்காமல் அறுக்கவும் கூடாது, சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கவும் கூடாது. வெட்டி அடுக்கிய கதிர்ச் சூடு களவெட்டி என்ற களத்தில் காத்துக் கிடக்கும். அவரோ அவருடைய ஆளோ வரும்வரை மழை பொறுத்திருக்குமா? கிழக்கில் பெரும்போக அறுவடைக் காலத்தில் ஒரு பின்மழை பெய்தால் நெல் முளைத்துவிடும். சீக்கிரம் வரவழைக்க வேண்டுமானால் கையில் ஏதாவது வைக்க வேண்டும். சட்டப்படி பத்தில் ஒன்று என்றாலும் உழவர் கொடுத்தது அதைவிட அதிகம். அளப்பதற்கு முன்பே ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது நெல்வரி இருந்த பல நாடுகளிலும் நடந்ததுதான். அப்படிச் செய்த உழவரைத் திருடன் என்பவர்கள், முதலில் எடுத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

1878இன் தானியச் சட்டம் குத்தகை முறைக்குப் பதிலாகப் பணமாகக் கட்டும் முறையைக் கொண்டுவந்தது. மலைநாட்டில் வலப்பனை, உடுகிந்த பகுதிகளில் வரிப்பாக்கிக்காகச் சிறு வயல்கள் ஏலம் போய், குடும்பங்கள் வீதிக்கு வந்தன. அந்தக் கொடுமை இங்கிலாந்து வரை பேசப்பட்ட பிறகே, ஆளுநர் ஹவ்லொக் காலத்தில் 1892இல் நெல்வரி ஒழிக்கப்பட்டது. எவரும் படையெடுத்து ஒழிக்கவில்லை. கட்ட முடியாதவர்களின் பாக்கிக் கணக்கே அரசை அசைத்தது.

1817–18 வெல்லஸ்ஸக் கிளர்ச்சிக்கும் எமது பகுதிக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. பாடப்புத்தகத்தில் அதை மலைநாட்டுக் கதையாகப் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம் என்பது என் வருத்தம்.

பிரித்தானியருக்கு எதிராகக் கிளர்ந்த, ஊவாவைச் சேர்ந்த வெல்லஸ்ஸ எமது மேற்கு எல்லை. கரையோர முஸ்லிம் வணிகர்கள் தாவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிக்கொண்டு ஊவாவுக்குப் போய், பாக்கும் மலைநாட்டுப் பொருட்களும் கொண்டுவந்தார்கள். போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து துரத்திய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றிய காலத்திலிருந்து இந்த உறவு வலுவாக இருந்தது. ஒல்லாந்தர் 1670 அளவில் வணிகத்தைத் தங்கள் தனியுரிமையாக்கியபோது, தலைமுறை தலைமுறையாக நடந்த இதே வியாபாரம் கள்ளக்கடத்தல் என்று பெயர் பெற்றது.

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போன பின், வெல்லஸ்ஸவின் பொதிமாட்டுப் போக்குவரத்துக்குப் பொறுப்பாக ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமை முகாந்திரம் என்ற அரச பதவியில் நியமித்தார்கள். அதுவரை அந்த அதிகாரம் கண்டிப் பிரதானிகளிடம் இருந்தது. ஆத்திரம் அங்கே மூண்டது. கிளர்ச்சியாளர்களிடம் பிடிபட்டு ஹாஜி கொல்லப்பட்டார். விசாரிக்கப் போன பதுளை அதிகாரி வில்சன் 1817 செப்டெம்பரில் அம்பெய்து கொல்லப்பட்டார். அடக்கச் சென்ற கண்டிப் பிரதானி கெப்பெட்டிபொலவே மறுபக்கம் சேர்ந்தார். மட்டக்களப்பிலிருந்தும் படை போனது. ஆளுநர் பிரவுன்றிக்கின் படைகள் ஊர்களை எரித்தன, நெல்லை அழித்தன, மாடுகளைக் கொன்றன. 1818 நவம்பர் 26ஆம் திகதி கெப்பெட்டிபொல கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

இந்தக் கதையில் கரையோரத்தாரை ஒரே பக்கத்தில் நிறுத்த முடியாது. ஹாஜி துரோகியா என்று சிலர் கேட்கிறார்கள். வணிகத்தால் வாழ்ந்த ஒரு சமூகம், பிரதானிகளின் பிடியிலிருந்து விடுபட ஒரு வழி தெரிந்தபோது அதைப் பிடித்தது. கிளர்ந்தவர்களுக்கோ தங்கள் உலகமே கையைவிட்டுப் போகும் வேதனை. இரண்டையும் புரிந்துகொள்ள இடமுண்டு. புதிதாக ஒரு பதவியை நடுவில் வைத்து, அயலவரை அயலவருக்கு எதிரே நிறுத்திய ஆட்சியை விட்டுவிட்டு, அந்த இருவரில் ஒருவரை மட்டும் குற்றவாளியாக்குவது நேர்மையல்ல. அன்று துரோகிகள் என்று வர்த்தமானியில் பெயர் போடப்பட்ட 19 பேரை 2016இல் இலங்கை அரசு தேசிய வீரர்களாக அறிவித்தது. குற்றவாளி என்ற முத்திரையை ஒரு அரசு குத்தும், இன்னொரு அரசு அழிக்கும்.

கண்டிப் போர்களில் மட்டக்களப்பு வேறு எப்போதாவது சம்பந்தப்பட்டதா?

1804 செப்டெம்பரில் ஆதர் ஜோன்ஸ்டன் என்ற தளபதி சுமார் 300 படையினரோடு மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கு நடந்தார். மற்றப் படைகள் வந்து சேரவில்லை. தனியே கண்டியை அடைந்து, சண்டையிட்டுக்கொண்டே திருகோணமலைக்குப் பின்வாங்கினார். இராணுவ வரலாற்றில் இதை அவருடைய சாதனையாக எழுதுவார்கள். அவரோடு சுமை தூக்கிப் போனவர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

சரதியல் போல் ஒரு கொள்ளைக்கார வீரர் கிழக்கில் இருந்தாரா?

உதுவன்கந்த சரதியல் மாவனல்லைப் பக்கத்தவர். கொழும்பு–கண்டி வீதியில் போனவர்களை மறித்துப் பறித்தார். தோழன் மம்மாலி மரிக்காரோடு 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டார். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவர் என்ற புகழ் அவருக்கு நிலைத்தது.

அப்படிப்பட்ட ஒருவர் உருவாக ஒரு வீதி வேண்டும். அந்த வீதியில் கோப்பித் தோட்டப் பணம் ஓட வேண்டும். கிழக்கில் செல்வம் வயலிலும் மாட்டுப்பட்டியிலும் இருந்தது, களப்பில் தோணியில் போனது. எமது எதிர்ப்பின் முகம் அதனால் வேறு: காடு வெட்டியவர், உப்பு அள்ளியவர், சாட்சி சொல்ல மறுத்தவர், கூப்பிட்ட வேலைக்குப் போகாதவர். கதைப்பாட்டுக்கு ஏற்ற நாயகர்கள் இல்லை இவர்கள். என் மதிப்பில் அவர்கள் சரதியலுக்குக் குறைந்தவர்களும் அல்லர்.

மாட்டுக் களவையும் எதிர்ப்பு என்று சொல்லலாமா?

கூடாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். மாட்டுக் களவு மட்டக்களப்பின் பெரிய துன்பங்களில் ஒன்று. பட்டியில் நூறு மாடு வைத்திருந்த போடியாருக்கு இரண்டு போனால் தாங்கும். ஒரு சோடி எருமையை மட்டும் நம்பி வயல் செய்தவருக்கு அது போனால் அந்தப் போகமே போய்விடும். குறி சுட்டு வைத்தாலும் திருடர்கள் பழைய குறிமேல் புதுக்குறி சுட்டார்கள். இறைச்சியாக்கித் தோலை மறைத்தார்கள். காட்டு வழியாக ஒரு பற்றிலிருந்து இன்னொரு பற்றுக்கு மாட்டைக் கடத்த ஆட்கள் தொடராக இருந்தார்கள், சில வேளை தலைமைக்காரரின் கண்சாடையோடும்.

வெள்ளையனுக்கு எதிரான சட்டமீறல் எல்லாமே மக்கள் போராட்டம் என்று எழுதும் பழக்கம் வந்துவிட்டது. களவு கொடுத்த ஏழையின் வீட்டுக்குள் நின்று பார்த்தால் அப்படி எழுத முடியாது. யாருக்கு இழப்பு என்று கேட்பதே என் அளவுகோல். சேனை வெட்டியதில் இழந்தது முடி. மாடு போனதில் இழந்தவர் பக்கத்து ஊர்க்காரர்.

கட்டாக்காலி மாடு வயலுக்குள் இறங்கிய வழக்குகள் இன்னொரு வகை. அங்கே பெரும்பாலும் பெரிய பட்டிக்காரருக்கும் சிறு வயற்காரருக்கும் இடையிலான பிணக்கு இருந்தது. அது இன்றுவரை தீரவில்லை.

பொலிஸ் எப்போது வந்தது? அதற்கு முன் யார் பிடித்தார்கள்?

1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1866இல் கம்பெல் தலைமையேற்ற பின் இலங்கைப் பொலிஸ் ஒரு ஒழுங்குக்கு வந்தது. ஆனால் அது பெரும்பாலும் பட்டினங்களின் பொலிஸ். கிராமத்தில் பொலிஸ் விதானையார்தான் எல்லாம்.

வன்னியனார், உடையார், விதானையார், இவர்கள் எந்தப் பக்கம்?

பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. இங்கே இன்னும் பல குடும்பங்கள் அந்தப் பட்டங்களைப் பெருமையோடு சொல்கின்றன. கச்சேரி ஏஜண்டுத் துரைக்குக் கீழே பற்றுக்கு வன்னியனார், அவருக்குக் கீழே உடையார், ஊருக்கு விதானையார், வயற்கண்டத்துக்கு வட்டவிதானை என ஏணி இருந்தது. கீழ்ப்படியில் நின்றவர்களுக்குச் சம்பளம் இல்லை அல்லது மிகக் குறைவு. பதவியின் மரியாதையும் அதனால் வரும் வரும்படியும்தான் ஊதியம். வரிப்பட்டியல், காணி அறிக்கை, குற்ற அறிக்கை மூன்றும் அவர்கள் வாயால் போயின. ஒரு குடும்பத்தை வாழவைக்கவும் கெடுக்கவும் அந்த ஒரு வாய் போதும்.

அவர்களில் துரைக்குத் தெரியாமல் ஊரைக் காத்தவர்களும் இருந்திருப்பார்கள். துரையின் பெயரால் ஊரை விழுங்கியவர்களும் இருந்திருப்பார்கள். பெரும்பாலானோர் இரண்டையும் செய்தார்கள். நீர்ப்பாசன விடயத்தில் மட்டும் நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் பழைய வயல் வழக்காறுகளுக்குச் சட்ட வலுவளித்தது. வாய்க்கால் வெட்டு, வேலியடைப்பு, தண்ணீர் முறை எல்லாம் விவசாயிகளின் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டன. அந்த ஏற்பாட்டின் தடம் இன்றைய விதைப்புக் கூட்டங்களிலும் இருக்கிறது.

மக்கள் நீதிமன்றத்தை நம்பினார்களா?

நம்பினார்களோ இல்லையோ, நன்றாகப் பயன்படுத்தினார்கள். இலங்கையர் வழக்குப் பைத்தியம் பிடித்தவர்கள், கள்ளச்சாட்சிக்கு அஞ்சாதவர்கள் என்று துரைமார் சலித்துக்கொண்டார்கள். கொஞ்சம் யோசியுங்கள். அதிகாரத்தோடு பேச வேறு இடமில்லாத மனிதனுக்குப் புறொக்டர் எனப்பட்ட வழக்கறிஞரின் கந்தோரும் பெட்டிசம் (மனு) எழுதுபவரின் மேசையும்தான் கிடைத்தன. விதானையாருக்கு எதிராகத் துரைக்குப் பெட்டிசம்; துரைக்கு எதிராக ஆளுநருக்குப் பெட்டிசம்.

பொய் வழக்கு அதன் இருண்ட பக்கம். எல்லைப் பகைக்கும் சீதனக் காணிச் சண்டைக்கும் களவு வழக்கு ஒன்று சோடிக்கப்படும். பணமுள்ளவர் தவணை மேல் தவணை வாங்குவார். இல்லாதவர் நீதிமன்றத்துக்கு நடந்தே தேய்வார். 1871இல் சிறு பிணக்குகளுக்காகக் கிராமக்கோடுகள் எனப்பட்ட ஊர் நீதிமன்றங்கள் வந்தது இதற்கு ஓரளவு நிவாரணம்.

கொக்கட்டிச்சோலைக் கல்நந்தி புல் தின்ற கதையை வரலாறாக எடுக்கலாமா?

தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தை இடிக்க வந்த பறங்கித் தளபதி, இந்தக் கல்நந்தி புல் தின்னுமா என்று கேட்டான்; நந்தி எழுந்து புல் தின்று சாணமும் போட்டது; அவன் பயந்து ஓடினான். படுவான்கரையில் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கதை.

போர்த்துக்கேயர் ஆலயங்களை இடித்தது வரலாறு. நந்தி எழுந்தது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஒரு வரலாற்று மாணவனாக எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது: துவக்கும் பீரங்கியும் கொண்டு வந்தவனை அவை எதுவும் இல்லாத ஊர் தோற்கடித்ததாகத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது, அவன் போய் நூற்றாண்டுகள் கடந்தும் சொல்கிறது. தோற்றவர்களாக எங்களை எண்ண மாட்டோம் என்ற முடிவு அந்தக் கதைக்குள் இருக்கிறது. ஆவணத்தில் இதைத் தேடாதீர்கள். திருவிழாவில் தேர் இழுக்கும் கூட்டத்துக்குள் போய்க் கேளுங்கள்.

அந்தச் சட்டங்கள் இப்போது இல்லைத்தானே?

பல இருக்கின்றன. 1883இன் தண்டனைச் சட்டக்கோவை திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. 1841இன் அலைந்து திரிவோர் சட்டம் சுதந்திரத்துக்குப் பின்னும் பல தசாப்தங்கள் தெருவில் நின்ற ஏழைகள்மீது பாய்ந்தது. 1840இன் காணிச் சட்டத்தில் முடி என்ற இடத்தில் அரசு வந்திருக்கிறது. மேய்ச்சற்தரைக்கும் பயிர்க்காணிக்கும் ஆவணம் கேட்கப்பட்டுக் கந்தோர் படியில் நிற்கும் கிழக்கு விவசாயியிடம், அவருடைய பாட்டனிடம் கேட்கப்பட்ட அதே கேள்விதான் கேட்கப்படுகிறது.

என் ஊரின் வரலாற்றை எழுத விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம்?

வீட்டு அலுமாரியில். பழைய உறுதிகள், வரிப்பற்றுச்சீட்டுகள், சேனைப் பெர்மிட், துவக்கு அனுமதிப்பத்திரம், நீதிமன்ற அழைப்பாணை எதையும் எறியாதீர்கள். கறையான் தொடும் முன் படம் எடுத்து வையுங்கள். பிறகு எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் போங்கள். யார் வீரர் என்று கேட்காமல், யாருக்கு எதற்காகத் தண்டம் விழுந்தது என்று கேளுங்கள். அப்போதுதான் வாய் திறப்பார்கள். தமிழ் ஊர்க்காரர் பக்கத்து முஸ்லிம் ஊருக்கும், முஸ்லிம் ஊர்க்காரர் பக்கத்துத் தமிழ் ஊருக்கும் கட்டாயம் போக வேண்டும். ஒரே வயற்கண்டத்தில் விளைவித்த இரண்டு ஊர்களின் நினைவும் ஒன்றையொன்று நிரப்பும்.

அதன் பின் கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடம். ஒல்லாந்தர் கால ஆவணங்களும் கச்சேரி நாட்குறிப்புகளும் பெட்டிசங்களும் அங்கே இருக்கின்றன. நாட்குறிப்பில் துரை ஒருவர் இந்த ஊரார் சோம்பேறிகள், சொல்வதைக் கேளாதவர்கள் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எந்த வேலைக்கு அழைத்தபோது அவர்கள் வரவில்லை என்று அதே பக்கத்தில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.